வைக்கோல் தின்னு பால் கறக்குற வயிறு: அசைபோடுற மாடு, ஆடு பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

கறவை மாடு, வெள்ளாடு, செம்மறி வச்சிருக்கவங்க திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகளை இங்க ஒண்ணா போட்டிருக்கேன். மாட்டோட வயித்துக்குள்ள என்ன நடக்குதுன்னு ஓரளவு புரிஞ்சிட்டாலே பாதி வியாதியை வரவிடாம தடுத்துடலாம். அதனாலதான் கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

மாட்டுக்கு நாலு வயிறுன்னு சொல்றாங்களே, நெசமா?

வயிறு ஒண்ணுதாங்க, அதுல நாலு அறை இருக்கு. முதல்ல ரூமன், இதுதான் பெருவயிறு. ரெண்டாவது ரெட்டிகுலம், மூணாவது ஒமேசம், நாலாவது அபோமேசம். கறிக்கடையில போட்டி வாங்கி வீட்ல சுத்தம் பண்ணினவங்க இந்த நாலையும் கையாலயே தொட்டிருப்பாங்க, பேருதான் தெரிஞ்சிருக்காது. சொரசொரன்னு சின்னச் சின்ன முனையா நீட்டிக்கிட்டு இருக்கிறது ரூமன், அறுகோணக் கட்டம் போட்டிருக்கிறது ரெட்டிகுலம், ஏடு ஏடா மடிப்பு இருக்கிறது ஒமேசம், வழவழன்னு இருக்கிறது அபோமேசம். ரூமன் உள்பக்கம் இருக்கிற அந்த முனைகள் வழியாத்தான் மாட்டுக்கு வேண்டிய சத்துல பெரும்பங்கு ரத்தத்துல ஏறுது. அதைப் பின்னாடி சொல்றேன்.

வளர்ந்த மாட்டோட ரூமன் மட்டும் 100 லிட்டருக்கு மேல பிடிக்கும், பெரிய கலப்பின மாட்டுல இன்னும் அதிகம். வயித்தோட இடது பக்கம் முழுக்க அதுதான் அடைச்சுக்கிட்டு கிடக்கும். நம்ம வயிறு மாதிரி ஆசிட் சுரக்கிற வேலையைப் பாக்குறது நாலாவது அறை மட்டும்தான்.

அசை போடறதுன்னா உள்ள என்ன நடக்குது?

மாட்டுக்கு மேல் தாடையில முன்பல்லு கிடையாது, அந்த இடத்துல கெட்டியான ஒரு திண்டுதான் இருக்கும். நாக்கால சுத்திப் பிடிச்சு இழுத்து, ரெண்டு மெல்லு மெல்லி அப்படியே முழுங்கிடும். புலி, சிறுத்தைக்குப் பயந்து வெட்டவெளியில மேஞ்ச பிராணி, கிடைச்ச நேரத்துல வயித்தை ரொப்பிக்கிட்டு ஒதுக்குப்புறமா போய் நிதானமா மெல்லுறதுதான் அதோட வழக்கம். முழுங்கினது ரூமன்ல ஊறும், அப்புறம் ஒரு உருண்டை தொண்டை வழியா மேல ஏறி வாய்க்கு வரும். மாட்டுக் கழுத்தோட இடது பக்கத்தை உத்துப் பாத்தீங்கன்னா அந்த உருண்டை கீழ இருந்து மேல ஓடுறது நல்லாவே தெரியும். வந்ததும் முதல்ல தண்ணியை மட்டும் முழுங்கிட்டு மிச்சத்தை 40, 50 தடவை மென்னு திரும்ப உள்ள அனுப்பும், ரெண்டு மூணு நொடி கழிச்சு அடுத்த உருண்டை வரும். இப்படி ஒரு நாளைக்கு 7, 8 மணி நேரம், அதுவும் பெரும்பாலும் ராத்திரி படுத்துக்கிட்டு.

இந்த மெல்லுற வேலையில ரெண்டு லாபம். ஒண்ணு, நார் சின்னதாகுது. இன்னொண்ணு எச்சில், இதைத்தான் நிறைய பேர் கணக்குல எடுத்துக்கிறதில்ல. நல்லா நார்த் தீனி தின்னு அசை போடுற பசுவுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல எச்சில் ஊறும். அந்த எச்சில்ல சோடா உப்பு நிறைய இருக்கு, ரூமன்ல உருவாகிற புளிப்பை முறிக்கிறது அதுதான். வைக்கோல் இல்லாம வெறும் தவிடும் புண்ணாக்கும் கரைச்சு வச்சா மாடு எதை மெல்லும், எச்சில் எங்கிருந்து வரும்?

வைக்கோல்ல சத்தே இல்லங்கிறாங்க, அதைத் தின்னு எப்படி பால் வருது?

வைக்கோலோட உடம்பு செல்லுலோஸ்ங்கிற நார். மாட்டோட சொந்த உடம்புலயும் அதை உடைக்கிற என்சைம் கிடையாது, நமக்கும் கிடையாது. உடைக்கிறது ரூமன்ல குடியிருக்கிற நுண்ணுயிர்கள். ரூமன் தண்ணி ஒரு மில்லியில ஆயிரம் கோடிக்குக் குறையாம பாக்டீரியா இருக்கும், அதுகூட லட்சக்கணக்குல புரோட்டோசோவாங்கிற ஒரு செல் உயிர், அப்புறம் பூஞ்சை. காத்தே இல்லாத இடத்துல பூஞ்சை வாழாதுன்னுதான் ரொம்ப நாளா எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்க, 1975ல இங்கிலாந்து விஞ்ஞானி காலின் ஆர்ப்பின் ரூமன்ல இருக்கிறது பூஞ்சைதான்னு காட்டினார். அதுங்கதான் கடினமான நார்த் தண்டுக்குள்ள வேர் விட்டுப் பிளந்து பாக்டீரியாவுக்கு வழி பண்ணிக் கொடுக்குது.

ராத்திரி ஆட்டி வச்ச தோசை மாவு காலையில பொங்கி நிக்குதுல்ல, அதே புளிப்பு வேலைதான் உள்ளயும், 39 டிகிரி சூட்டுல, நிக்காம. அதுல வர்ற முக்கியமான சரக்கு மூணு ஆசிட்: அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக். மாட்டுக்கு வேண்டிய சக்தியில ஏறக்குறைய 70 சதவீதம் இந்த மூணுலதான் கிடைக்குது. நார்த் தீனி போட்டா அசிட்டிக் கூடும், அது மடிக்குப் போய் பால் கொழுப்பாகும். மாவுத் தீனி போட்டா புரோப்பியானிக் கூடும், அதை ஈரல் குளுக்கோஸா மாத்தும், அந்த குளுக்கோஸ்ல இருந்துதான் பால்ல இருக்கிற சர்க்கரை வரும், அந்தச் சர்க்கரையோட அளவை வச்சுத்தான் எத்தனை லிட்டர் பால்ங்கிறது.

சொசைட்டில ஃபேட் கம்மியா வருதுன்னு காசு குறைக்கிறாங்க, தீவனம் நிறையத்தானே போடறேன்?

மேல சொன்னதுலயே பதில் இருக்குங்க. அடர் தீவனத்தை (தவிடு, புண்ணாக்கு, தானியம்) ஏத்திட்டு வைக்கோலையும் தட்டையையும் குறைச்சிருப்பீங்க. பால் கூடும், கொழுப்பு இறங்கும். மழைக்காலத்துல தண்ணிச் சத்து மட்டும் இருக்கிற இளம்புல்லா வெட்டிப் போட்டாலும் இதே கதைதான், மெல்லுறதுக்கு உருப்படியான நார் அதுல கம்மி. தினமும் 4, 5 கிலோ வைக்கோலோ சோளத்தட்டையோ உள்ள போகட்டும். அதை ரொம்பப் பொடியா வெட்டிடாதீங்க, மாவா அரைச்ச நார்ல மாடு அசை போடாது. சாஃப் கட்டர்ல ரெண்டு விரக்கட்டை நீளம் இருந்தா போதும். சில மாட்டுக்கு ஜாதியிலயே ஃபேட் கம்மி, ஜெர்சி அளவுக்கு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன்) மாட்டுல வராது, அதுக்கு வயித்தைக் குத்தம் சொல்ல முடியாது.

தீவனத்தை மாத்துனா மாடு உடனே பால் குறைக்குதே, ஏன்?

இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்குன்னா இதைப் படிங்க.

நாம தீனி போடுறது மாட்டுக்குன்னு நெனைக்கிறோம், ஆனா முதல் பந்தியில உக்காந்து சாப்பிடுறது உள்ள இருக்கிற நுண்ணுயிர். அதுல ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொண்ணைத்தான் தின்னும். நார் தின்னுற கூட்டம் வேற, மாவு தின்னுற கூட்டம் வேற. வைக்கோலும் புல்லும் தின்னுக்கிட்டு இருந்த மாட்டுக்கு திடீர்னு ஒரு நாள் மக்காச்சோள மாவு 3 கிலோ போட்டா, அதைத் தின்னத் தெரிஞ்ச கூட்டம் அங்க இன்னும் பெருகல, பெருகுற கூட்டமும் நல்ல கூட்டம் இல்ல, நார் தின்னுற கூட்டம் வேற அந்தப் புளிப்புல செத்துப் போகும். புது தீனிக்கு ஏத்த மாதிரி உள்ள இருக்கிற கூட்டம் நெலைக்கு வர ரெண்டு மூணு வாரம் ஆகும். அதனால புதுசா எது வாங்கினாலும், அது கம்பெனி மாட்டுத்தீவனமா இருந்தாலும் சைலேஜா (காத்துப் போகாம மூடிப் புளிக்க வச்ச பசுந்தீவனம்) இருந்தாலும் சரி, பழசுல கால்பங்கு எடுத்துட்டு அந்த இடத்துல புதுசு, நாலஞ்சு நாள் கழிச்சு பாதி, அப்படியே ஏத்திட்டுப் போங்க. மாடு வாங்கிட்டு வரும்போது வித்தவர்கிட்ட என்ன தீவனம் போட்டீங்கன்னு கேட்டு ஒரு வாரத்துக்கான அளவு கையோட வாங்கிட்டு வர்றது ரொம்ப நல்ல பழக்கம், எங்க பக்கம் பெரியவங்க இதைக் கறாரா செய்வாங்க.

மாட்டுப் பொங்கல் அன்னைக்கு பொங்கல் சோறு நிறைய ஊட்டலாமா?

வேண்டாங்க, ஒரு கைப்பிடி போதும். வருஷா வருஷம் பொங்கல் முடிஞ்ச மறுநாள் கால்நடை ஆஸ்பத்திரியில இதே கேஸ்தான் வரிசை கட்டி நிக்கும். கல்யாண வீட்டு மிச்ச சோறு, ஓட்டல் மிச்சம், பழைய சாதம், மாடு அவுத்துக்கிட்டுப் போய் மூட்டையில இருந்து தின்ன அரிசி, எல்லாம் ஒரே ரகம்தான்.

வெந்த சோறு ரூமன்ல சட்டுனு உடையும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ்னு ஒரு பாக்டீரியா வெறித்தனமா பெருகி லாக்டிக் ஆசிட்டைக் கொட்டும். நல்லா இருக்கிற ரூமன்ல பி.எச்.ங்கிற புளிப்பு அளவு (எண் குறைஞ்சா புளிப்பு கூடுதுன்னு அர்த்தம்) 6க்கும் 7க்கும் நடுவுல இருக்கும், இந்த நேரத்துல அது 5க்கும் கீழ போயிடும். அப்புறம் ரூமன் அசையறதே நின்னு போகும், உடம்புல இருக்கிற தண்ணியை வயிறு உள்ள இழுத்துக்கும், மாடு வெளியில காய்ஞ்சு போகும். பாக்குறதுக்கு எப்படித் தெரியும்னா, தீனி எடுக்காது, அசை போடாது, தள்ளாடி நடக்கும், கண்ணு உள்ள போயிருக்கும், சாணி தண்ணியா புளிச்ச நாத்தத்தோட போகும், வயித்தைக் கையால ஆட்டினா உள்ள தண்ணி தளும்புற சத்தம் கேக்கும். அதுக்கப்புறம் படுத்துடுச்சுன்னா ரொம்ப கஷ்டம். உடனே டாக்டரைக் கூப்பிடுங்க, தமிழ்நாட்டுல 1962க்கு போன் பண்ணினா கால்நடை ஆம்புலன்ஸ் வரும். அவங்க வர்ற வரைக்கும் ஆப்பசோடா கரைச்சு ஊத்தலாமா, எவ்வளவுன்னு போன்லயே அவங்களைக் கேட்டு ஊத்துங்க. பெரிய சோறு கேஸ்ல டாக்டருங்க இன்னொரு நல்ல மாட்டோட ரூமன் தண்ணியை எடுத்து இதுக்கு ஊத்துறதும் உண்டு, செத்துப்போன நுண்ணுயிர்க் கூட்டத்தைத் திரும்பக் குடியேத்துறதுக்காக. கேக்க அருவருப்பா இருக்கலாம், ஆனா நல்லா வேலை செய்யும்.

தெம்புக்கு வெல்லம் கொடுக்கிறாங்களே?

கொஞ்சமா கொடுத்தா கெடுதல் இல்ல. ஆனா வெல்லத்துல இருக்கிற சர்க்கரை சர்க்கரையாவே ரத்தத்துக்குப் போகாது, போற வழியில நுண்ணுயிர் தின்னுடும். மாடு தனக்கு வேண்டிய குளுக்கோஸை ஈரல்லதான் பண்ணிக்கும். கன்னு போட்ட புதுசுல பால் பெருகி வரும், தீனி அந்த அளவுக்கு எடுக்காது, அந்த நேரம் குளுக்கோஸ் பத்தாம கீட்டோசிஸ்ங்கிற வியாதி வரும். வாயிலயும் பால்லயும் ஒரு மாதிரி இனிப்பு வாடை அடிக்கும், தவிடு புண்ணாக்கை ஒதுக்கிட்டு வைக்கோலை மட்டும் தின்னும். அதுக்கு டாக்டர் நரம்புல குளுக்கோஸ் ஏத்துறது ரூமனைத் தாண்டிப் போறதுக்காகத்தான்.

வயிறு உப்புசம் ஏன் வருது, என்ன பண்றது?

ரூமன்ல புளிக்கும்போது நிமிஷத்துக்கு நிமிஷம் கேஸ் வந்துக்கிட்டே இருக்கும், கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும். மாடு அதை ஏப்பமா விட்டுடும். ஏப்பம் அடைபட்டா அவ்வளவுதான், ஊதிக்கிட்டே போகும். தொண்டையில மாங்கொட்டையோ மரவள்ளிக் கிழங்குத் துண்டோ சிக்கினா ஒரு ரகம். இன்னொரு ரகம் நுரை உப்புசம், பனி ஈரத்தோட இருக்கிற குதிரை மசால் மாதிரி பயறுவகைத் தீவனத்தை வெறும் வயித்துல நிறைய தின்னா கேஸ் பூரா சின்னச் சின்ன நுரையா மாட்டிக்கும், ஏப்பத்துல வெளிய வராது.

இடது பக்கப் பசிக்குழி (கடைசி விலாவுக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல இருக்கிற பள்ளம்) மேல எழும்பி நிக்கும், தட்டினா டம் டம்னு கேக்கும், மாடு மூச்சு வாங்கும். முன்னங்கால் மேட்டுல இருக்கிற மாதிரி நிறுத்துங்க, வாயில குறுக்க ஒரு குச்சியைக் கட்டி விட்டா அதை மென்னுக்கிட்டே எச்சில் ஊறும், ஏப்பமும் வரும். நுரை உப்புசத்துக்கு கடலெண்ணெயோ நல்லெண்ணெயோ பெரிய மாட்டுக்கு கால் லிட்டர், ஆட்டுக்கு 50 மில்லி. ஊத்தும்போது தலையை ரொம்பத் தூக்காதீங்க, நாக்கைப் பிடிச்சு இழுக்காதீங்க, நிதானமா விட்டு விட்டு ஊத்துங்க, நுரையீரலுக்குப் போச்சுன்னா உப்புசத்துல பொழைச்ச மாடு நிமோனியாவுல போயிடும். ரொம்ப மோசமா இருந்தா டாக்டர் பசிக்குழியில ட்ரோக்கார்ங்கிற கூர்மையான குழாய்க் கருவியைக் குத்தி கேஸை வெளிய விடுவாரு, அதை நீங்களா கத்தியை வச்சு செய்யாதீங்க.

பிளாஸ்டிக் கவர் தின்ன மாட்டுக்கு அது சாணியில வந்துடாதா?

வராது. ரெட்டிகுலத்துல இருந்து ஒமேசத்துக்குப் போற வாசல் ரொம்பக் குறுகல், சில மில்லிமீட்டர் அளவுக்குப் பொடியானதுதான் பெரும்பாலும் தாண்டும். பிளாஸ்டிக்கை எந்த நுண்ணுயிரும் அங்க உடைக்காது, அசை போட்டும் பொடியாகாது, அதனால வருஷக்கணக்கா சுருண்டு சுருண்டு உள்ளயே உருண்டையாகும். 2019 அக்டோபர்ல சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில ஒரு பசுவோட ரூமன்ல இருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தாங்க. அவ்வளவு வெயிட்டை வயித்துல வச்சுக்கிட்டு அந்த ஜீவன் நடமாடியிருக்கு, நெனைச்சாலே மனசு கனத்துப் போகுது. சாப்பாட்டு மிச்சத்தைக் கவர்ல கட்டி வீசாதீங்க, தயவு செஞ்சு.

ஆணி, கம்பி இன்னும் மோசம். கனமானது எல்லாம் ரெட்டிகுலத்துல போய் விழும். அந்த அறைக்கு முன்னாடி உதரவிதானம் மட்டும்தான் தடுப்பு, அதைத் தாண்டினா இதயம். வயிறு சுருங்கும்போது கம்பி முன்னாடி குத்திக்கிட்டே போய் இதயத்து உறையில ஏறிடும். மாடு முதுகை வளைச்சு நிக்கும், இறக்கத்துல இறங்க யோசிக்கும், தாடைக்கும் நெஞ்சுக்கும் வீக்கம் வரும். கட்டிட வேலை நடக்குற எடத்துல மேய விடாதீங்க, வைக்கோல் கட்டுக்குக் கம்பி இருந்தா எண்ணிப் பாத்து எடுங்க.

கன்னுக்குட்டி எப்போ அசை போட ஆரம்பிக்கும்?

பொறந்த கன்னுக்கு ரூமன் பேருக்குத்தான் இருக்கும், பெரிய அறை நாலாவதுதான். பால் குடிக்கும்போது ஒரு மடிப்பு குழாயா மூடிக்கிட்டு பாலை ரூமன் பக்கம் விடாம நேரா நாலாவது அறைக்குக் கொண்டு போயிடும். வாளியைத் தரையில வச்சு வேகவேகமா குடிக்க விட்டா சில சமயம் அந்தக் குழாய் சரியா மூடாம பால் ரூமன்ல விழுந்து கெட்டுப் போகும், கழிச்சல் வரும். நிப்பிள் வச்ச பாட்டில்ல தலை நிமிர்ந்து குடிக்கிறது நல்லது. சீம்பால் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள, நஞ்சுக்கொடி விழட்டும்னு காத்திருக்காதீங்க, நேரம் போகப் போக குடல் எதிர்ப்புச் சக்தியை உறிஞ்சுறது குறையும், ஒரு நாளுக்கு மேல ஏறக்குறைய நின்னுடும்.

ரெண்டாவது வாரத்துல இருந்து கன்னுத் தீவனம் கொஞ்சம், கூடவே நல்ல மெல்லிசான புல்லு, சுத்தமான தண்ணி. தீவனம் புளிச்சு வர்ற பியூட்டிரிக் ஆசிட்தான் ரூமன் உள்பக்கத்து முனைகளை வளர விடுது, வெறும் பால்ல அது வளராது. நுண்ணுயிர் எங்கிருந்து வருதுன்னா தாய் நக்குறது, அதோட எச்சில், தொட்டி, கூட இருக்கிற மாடு. தனியாவே பிரிச்சு வளர்த்த கன்னுக்கு பாக்டீரியா வந்துடும், புரோட்டோசோவா வராது.

யூரியா போட்ட வைக்கோல் குடுக்கலாமா, விஷம் இல்லயா?

மாட்டோட புரதத்துல பாதிக்கு மேல நுண்ணுயிர்ல இருந்துதான் வருது. அதுங்க அம்மோனியாவை வச்சே தன் உடம்பைக் கட்டிக்கும், பின்னாடி நாலாவது அறைக்கும் குடலுக்கும் அடிச்சுட்டு வரும்போது மாடு அதுங்களையே செரிச்சுக்கும். யூரியா உடைஞ்சா அம்மோனியாதான், அந்தக் கணக்குலதான் யூரியா வைத்தியம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் அளவு தண்ணியில நல்லா கரைச்சு, அடுக்கடுக்கா தெளிச்சு மிதிச்சு, காத்துப் போகாம தார்ப்பாய் போட்டு 3 வாரம் மூடி வைக்கணும். எடுத்து கொஞ்ச நேரம் ஆறவிட்டு, வாடை போனதும் கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்க. கட்டியா இருக்கிற யூரியாவையோ யூரியா கரைச்ச தண்ணியையோ மாடு நேரடியா எடுத்தா அம்மோனியா ரத்தத்துல ஏறி மணிக்கணக்குல செத்துடும். கன்னுக்கு, குதிரைக்கு, பன்னிக்கு இது கூடவே கூடாது.

ஆடு மாடு தானா மேஞ்ச செடியில ஏன் விஷம் ஏறுது?

இளம் சோளப் பயிர், அதுவும் மழை இல்லாம வாடி நிக்கிறது, அப்புறம் நாமக்கல், சேலம் பக்கம் மரவள்ளி இலை, கிழங்குத் தோல். இதுலல்லாம் சயனைடு கட்டுண்டு கிடக்கு. ரூமன் நுண்ணுயிர் அதை சட்டுனு அவுத்து விட்டுடும், அதனாலதான் குதிரை, பன்னியை விட மாட்டுக்கு ஆபத்து அதிகம். தின்ன கொஞ்ச நேரத்துலயே மூச்சுத் திணறி விழும். சோளம் பூ எடுத்தப்புறம் வெட்டிப் போடுங்க, மறுதாம்பு குருத்துல மேய விடாதீங்க. அதே நுண்ணுயிர் சில விஷத்தை முறிக்கவும் செய்யும். சூபாபுல்னு ஒரு தீவன மரம், அதோட இலையில மைமோசின்னு ஒரு நஞ்சு உண்டு, ஆஸ்திரேலியா மாடுங்களுக்கு அதனால முடி கொட்டி கழுத்துல கழலை வந்தது, ஆனா ஹவாய் ஆடுங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஆஸ்திரேலியா விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ் அந்த ஆட்டோட ரூமன்ல இருந்த பாக்டீரியாவைக் கொண்டு வந்து மாடுங்களுக்கு ஏத்தினார், பிரச்சினை தீர்ந்துச்சு. அந்த பாக்டீரியாவுக்கு அவர் பேரையே வச்சு சினெர்ஜிஸ்டஸ் ஜோன்சியைன்னு கூப்பிடுறாங்க.

மாடு விடுற மீத்தேன் பின்னாடி வழியாத்தானே?

இல்ல, பெரும்பங்கு ஏப்பத்துலதான். ஒரு பசு நாளைக்கு 250ல இருந்து 500 லிட்டர் வரைக்கும் விடும், அது தின்ன தீனியோட சக்தியில ஒரு பங்கு, நமக்கும் நஷ்டம்தான். நல்ல தரமான பசுந்தீவனம் போட்டு ஒரு மாட்டுக்குப் பால் கூட்டினா லிட்டருக்கான மீத்தேன் குறையும்.

ஒட்டகம், குதிரை, முயல் எல்லாம் அசை போடுமா?

எருமை, செம்மறி, மான், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் போடும். ஒட்டகமும் அசை போடும், ஆனா அதுக்கு அறை மூணுதான். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கிற சருகுமானுக்கும் ஒமேசம் சரியா வளர்ந்திருக்காது. குதிரை, முயல், யானை அசை போடாது, அதுங்களுக்கு நுண்ணுயிர் வேலை கடைசியில பெருங்குடல் பக்கம் நடக்கும். அதனாலதான் யானை லத்தியில இலை தண்டெல்லாம் முழுசாவே தெரியுது.

என் மாட்டு வயிறு நல்லா இருக்கான்னு நானே எப்படிப் பாக்குறது?

இடது பசிக்குழியில கையை மடக்கி அழுத்தி வச்சு ரெண்டு நிமிஷம் நில்லுங்க. ரூமன் சுருங்கி எழும்பும்போது கையைத் தள்ளும், ரெண்டு நிமிஷத்துல ரெண்டு மூணு தடவை தள்ளினா நல்லா இருக்கு. ஒண்ணுமே தள்ளலன்னா அன்னைக்கே டாக்டரைக் கூப்பிடுங்க. படுத்திருக்கிற மாடுங்கள்ல பாதிக்கு மேல வாய் அசைஞ்சுக்கிட்டு இருக்கணும். சாணி கீழ விழுந்தா வட்டமா கெட்டியா நிக்கணும், ரொம்ப இளகி கொழகொழன்னு நுரையா போனா தானியம் கூடிடுச்சு, கட்டி கட்டியா காஞ்சு விழுந்தா தண்ணி பத்தல. சாணியைக் கையில எடுத்து தண்ணியில அலசிப் பாருங்க, முழு மக்காச்சோளம் வருதுன்னா அரைக்கிற பதம் சரியில்ல, நீங்க காசு கொடுத்து வாங்கினது குப்பைக்குழிக்குப் போயிட்டு இருக்குன்னு அர்த்தம்.